அதிரும் உளியும் அடங்கா உலோகமும்

மட்டாஞ்சேரி என்னும் பெயரைக் கேட்டதும் மிளகின் மணமும் சுக்கின் காரமும் நினைவுக்கு வருவது இயல்பு. கொச்சித் துறைமுகத்தின் பழைய வாணிபப் பகுதி அது. 1555-இல் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனை, பின்னாளில் டச்சுக்காரர் அதைப் பழுது பார்த்த காரணத்தால், ‘டச்சு அரண்மனை’ என்ற பெயரோடு அங்கே நிற்கிறது. 1568-இல் எழுந்த பரதேசி யூதர் ஆலயமும் அதன் அண்டையிலேயே இருக்கிறது. இவற்றைக் காண நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். படகுத் துறையை ஒட்டிய சந்துகளில் இயங்கும் லேத்துப் பட்டறைகளைக் காண எவரும் வருவதில்லை. நாம் அங்கே சென்றதற்குக் காரணம் ஒரு சொல்.

மைய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பு நமது தொழில். கலைப் பட்டம் பெற்றவரேயன்றி இயந்திர நூல் கற்றவரல்லர் நாம். ஒரு நாள் நமது மேசைக்கு வந்த கோப்பில், வெட்டுதற்கு அரிய உலோகங்களை அதிர்வின் துணைகொண்டு மில்லிங் செய்யும் முறை பற்றி ஒரு பகுதி இருந்தது. அதைப் படித்ததும் நமக்கு ஐயம் எழுந்தது. இயந்திரம் அதிர்ந்தால் வேலை கெடும் என்பதுதானே உலகறிந்த செய்தி? அதிர்வு எவ்வாறு துணையாகும்? தட்டச்சில் பிழை நேர்ந்திருக்கும் என்றே முதலில் எண்ணினோம். பிழையில்லை என்று உறுதியான பின்னும் பொருள் விளங்கவில்லை. பொருள் விளங்காமல் சொல்லை மட்டும் பெயர்த்து வைப்பது நமது தொழிலுக்குத் துரோகம். அப்பொழுது அலுவல் நிமித்தமாகக் கொச்சி செல்ல நேர்ந்தது. மட்டாஞ்சேரியில் தமிழர் ஒருவர் நெடுங்காலமாக லேத்துப் பட்டறை நடத்துகிறார் என்று நண்பர் ஒருவர் சொல்லவே, அவரைத் தேடிச் சென்றோம்.

பட்டறைக்காரர் எழுபதை நெருங்கியவர். கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சியை அடுத்த ஊர்க்காரர்; இளமையிலேயே கொச்சிக்கு வந்தவர். நாம் சென்றபோது, எவர்சில்வர் என்று நாம் வழங்கும் துருவேறா எஃகில் செய்த படகுத் தண்டு ஒன்றில் ஆழமான துளை இட்டுக்கொண்டிருந்தார். துளைக்கும் கருவியைச் சிறிது உள்ளே செலுத்துவார், உடனே வெளியே இழுப்பார், சுருள் சுருளான சீவல் உதிரும், தூரிகையால் எண்ணெய் தொட்டு வைப்பார், மீண்டும் செலுத்துவார். “ஏன் அண்ணாச்சி, ஒரே மூச்சாக விட்டால் வேலை விரைவில் முடியாதா?” என்று கேட்டோம். அவர் சிரித்தார். “ஒரே மூச்சா விட்டா கருவி போயிரும், சார். எடுத்து எடுத்து விடணும். உள்ள வச்சுக்கிட்டுச் சும்மா உரசவும் கூடாது. எஃகுக்கும் மூச்சு வேணும்லா?” என்றார்.

நமது கோப்பிலிருந்த புதிரின் விடை அந்த ஒரு மறுமொழியிலேயே அடங்கியிருந்தது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம். அவர் நிமிடத்திற்குச் சில முறை செய்வதைக் கருவியே நொடிக்கு இருபதாயிரம் முறை செய்யுமானால் அதற்குப் பெயர்தான் அதிர்வுத் துணை வெட்டு. இந்தக் கலை எவ்வாறு பிறந்தது, எவ்வுலோகத்தின் பொருட்டு வளர்ந்தது, அதற்கும் நம் கடற்கரைக்கும் என்ன உறவு என்பனவற்றை இங்கே கூறுவோம்.

உலோகத்திலிருந்து தொடங்குவதே முறை. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகர் என்றொரு பாதிரியார் இருந்தார். ஓய்வு வேளைகளில் கனிமங்களை ஆராய்வது அவர் வழக்கம். 1791-இல் ஓர் ஓடைக்கரையில் கிடைத்த கருமணலை ஆராய்ந்தவர், அதுவரை அறியப்படாத ஓர் உலோகம் அதில் உண்டு என்று கண்டார். 1795-இல் ஜெர்மானிய வேதியியலார் கிளாப்ரோத் வேறொரு கனிமத்தில் அதே உலோகத்தைக் கண்டு, கிரேக்கப் புராணத்து அரக்கர்களான டைட்டன்களின் பெயரால் ‘டைட்டானியம்’ என்று பெயரிட்டார். பெயரிட்ட பின்னும் அந்த அரக்கன் நூற்றாண்டுக்கு மேல் கைக்கு அகப்படவில்லை. ஆக்சிஜனோடும் நைட்ரஜனோடும் அது கொண்டுள்ள பற்று அத்தகையது. 1910-இல் அமெரிக்காவில் ஹண்டர் என்பவர் ஏறத்தாழத் தூய நிலையில் அதைப் பிரித்தார். லக்சம்பர்க் நாட்டவரான வில்லியம் குரோல் 1930-களில் மக்னீசியத்தைக் கொண்டு அதைப் பிரிக்கும் வழியைக் கண்டு 1940-இல் காப்புரிமை பெற்றார். 1948-இல் அமெரிக்காவில் வாணிப உற்பத்தி தொடங்கிற்று. குரோலின் முறையில் கிடைக்கும் உலோகம் கடற்பஞ்சு போல் துளைகள் நிறைந்திருப்பதால் அதனைப் பஞ்சுலோகம் என்பர்.

கிரிகர் கண்ட அதே வகைக் கருமணல் நம் தென்கரையில் குவிந்து கிடந்தது. கொச்சியும் ஆலப்புழையும் கயிற்று வாணிபத்தில் புகழ் பெற்றிருந்த காலம் அது. திருவிதாங்கூர்க் கரையிலிருந்து ஐரோப்பா சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் ஆராய்ந்தார். எரிவாயு விளக்கின் வலைக்கு வேண்டிய தோரியம் அடங்கிய மோனசைட்டு அதில் மின்னிற்று. அதன் வழியைப் பின்பற்றி வந்து, 1909-இல் மணவாளக்குறிச்சிக் கரையில் அதைக் கண்டறிந்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் அங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. மோனசைட்டோடு சேர்ந்து வந்த கருமணலான இல்மனைட்டு அப்போது பெரிதும் மதிக்கப்படவில்லை. வெள்ளை வண்ணப் பூச்சுக்கு டைட்டானியம் ஆக்சைடு சிறந்தது என்று கண்ட பிறகு அதன் மதிப்பு உயர்ந்தது. 1930-களில் உலகிற்கு வேண்டிய இல்மனைட்டில் பெரும்பகுதி திருவிதாங்கூர்க் கரையிலிருந்தே கப்பலேறிற்று.

கப்பலேறியது மணல், திரும்பி வந்தது வண்ணப் பூச்சும், பிற்காலத்தில் உலோகமும். மணலின் விலைக்கும் உலோகத்தின் விலைக்கும் உள்ள வேற்றுமையை வாணிபம் அறிந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் 1946-இல் திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் தோன்றி வண்ணப் பொருளை இங்கேயே செய்யலாயிற்று. 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்தபோது மணவாளக்குறிச்சி நம் மாநிலத்தின் எல்லைக்குள் வந்தது. கொல்லத்தை அடுத்த சவறாக் கரை கேரளத்தில் நின்றது. மணலுக்கு அந்த எல்லை தெரியாது. இரு கரைகளிலும் அதே கருமணல்தான்.

டைட்டானியத்தின்மீது உலகம் கொண்ட மோகத்திற்குத் தக்க காரணம் உண்டு. எஃகின் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடே அதன் எடை. ஆயினும் அதன் கலப்புலோகங்கள் நல்ல எஃகுக்கு இணையான வலிமை உடையவை. கடல்நீரால் அரிக்கப்படுவதில்லை. 1950-களில் அமெரிக்காவில் உருவான கலவை ஒன்று, நூற்றுக்கு ஆறு பங்கு அலுமினியமும் நான்கு பங்கு வனேடியமும் சேர்ந்தது, இன்றளவும் விமானத் தொழிலின் முதன்மைக் கலவையாக விளங்குகிறது. 1962-இல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்க உளவு விமானமாகிய ஏ-12-இன் உடல் பெரும்பாலும் டைட்டானியமே. அதனைச் செய்தவர்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி இந்த உலோகத்தை வெட்டுவதில் கழிந்தது.

வெட்டுவதில் அப்படி என்ன இடர்? நேயர்கள் வீட்டுச் சமையலறையிலேயே இதற்கு உவமை உண்டு. பலாப்பழம் அறுத்தவர்கள் அறிவர்: கத்தியில் பால் பிசுபிசுத்து ஒட்டும், ஒட்டியது கத்தியைப் பிடித்து இழுக்கும், எண்ணெய் தடவி, அறுத்து, கத்தியை எடுத்துத் துடைத்து, மீண்டும் எண்ணெய் தடவித்தான் அறுக்க முடியும். டைட்டானியமும் சூடேறியவுடன் வெட்டும் கருவியின் முனையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது பெயரும்போது கருவியின் துணுக்கையும் உடன் பெயர்த்துச் செல்லும்.

இரண்டாவது இடர் வெப்பம். சாதாரண எஃகை வெட்டும்போது எழும் வெப்பத்தில் நல்ல பங்கைச் சீவல் சுமந்து செல்லும். பொருளும் சிறிது ஈர்த்துக்கொள்ளும். டைட்டானியக் கலவையோ, சாதாரண எஃகு கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கையே கடத்துவது. ஆகவே வெப்பம் போக்கிடம் இன்றிக் கருவியின் கூர்முனையிலேயே தேங்குகிறது. மூன்றாவது இடர் அதன் வளையும் தன்மை. எஃகின் விறைப்பில் ஏறத்தாழப் பாதியே அதற்கு உண்டு. மெல்லிய தகடாக வெட்டும்போது மூங்கில் போல் ஒதுங்கி, கருவி கடந்தவுடன் மீண்டு வந்து உரசும். ஜெட் எஞ்சினின் சூடான பகுதிகளுக்குப் பயன்படும் நிக்கல் கலப்புலோகங்களும் இவ்வாறே கருவியைத் தின்பவை. வெட்ட வெட்ட அவற்றின் மேற்பரப்பு மேலும் கடினமாகும் குறையும் சேர்ந்துகொள்கிறது.

கடின உலோகத்தை வெட்டும் போராட்டம் டைட்டானியத்தோடு தொடங்கியதன்று. அமெரிக்கப் பொறியியலார் பிரடெரிக் டெய்லர் இருபத்தாறு ஆண்டுகள் இதையே ஆராய்ந்து, 1906-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அந்த ஆய்வுகளில் எட்டு லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட இரும்பும் எஃகும் சீவலாயின. அவரும் ஒயிட் என்பவரும் கண்ட அதிவேக எஃகுக் கருவி 1900-ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் செந்நிறமாகக் கனன்றபடியே வெட்டிக் காண்போரை வியக்கச் செய்தது. 1920-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் குரூப் நிறுவனம் டங்ஸ்டன் கார்பைடுக் கருவிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவையெல்லாம் கருவியை மேலும் கடினமாக்கும் வழியில் சென்றவை. இயந்திரங்களும் மேலும் மேலும் கனமாயின. அசையா உறுதியே நல்ல இயந்திரத்தின் இலக்கணமாயிற்று.

அக்காலத்தில் அதிர்வு முழுப் பகையாகவே எண்ணப்பட்டது. கருவியும் பொருளும் கட்டுப்பாடின்றி நடுங்கினால் மேற்பரப்பு அலை அலையாகும், காது கிழியும் ஒலி எழும், முனை உடையும். இயந்திரத் தொழிலாளி எதிர்கொள்ளும் சிக்கல்களுள் மிகவும் விளங்காதது இந்த நடுக்கமே என்று டெய்லர் கருதினார். அதனை அடக்குவதற்கென்றே ஒரு பெரும் நூற்றொகுதி பின்னர் வளர்ந்தது. நமது கோப்பைப் படித்தபோது நமக்கு எழுந்த ஐயம் ஒரு தலைமுறைப் பொறியியலார் அனைவருக்கும் எழுந்திருக்கக்கூடிய ஐயமே.

பகையை நட்பாக்கிய வழி வேறு திசையிலிருந்து வந்தது. 1880-இல் பிரான்சில் பியேர் கியூரி, ஜாக் கியூரி என்னும் உடன்பிறந்தார், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டனர். மின்சாரம் பாய்ச்சினால் அப்படிகங்கள் விரிந்து சுருங்கும் என்பதும் அடுத்த ஆண்டே தெளிவாயிற்று. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய, பால் லாஞ்சுவேன் இதைக்கொண்டு செவிக்கு எட்டாத ஒலியை நீருக்குள் எழுப்பினார். 1927-இல் அமெரிக்காவில் வுட், லூமிஸ் இருவரும் அத்தகைய ஒலியின் வலிமையை ஆய்வுகளால் காட்டினர். 1940-களில் லூயிஸ் பாலமுத் என்பவர், அதிரும் முனைக்கும் கண்ணாடிக்கும் இடையே உரைபொடி கலந்த நீரை விட்டு, கண்ணாடியையும் பீங்கானையும் வேண்டிய வடிவில் குடையும் முறையை வகுத்தார். அங்கே வெட்டியது பொடி. அதிர்வு அதனைத் தட்டிக்கொண்டிருந்தது.

வெட்டும் கருவியையே அதிரச் செய்தால் என்ன என்ற கேள்வியை ஜப்பானியர் எழுப்பினர். ஜுனிச்சிரோ குமாபே 1950-களிலிருந்து இத்துறையில் உழைத்து அதன் அடிப்படை விதிகளை வகுத்தார். அதிர்வு வெட்டு பற்றிய அவரது பெருநூல் 1979-இல் வெளிவந்தது. சோவியத் நாட்டிலும் இதே காலத்தில் ஆய்வுகள் நடந்தன. மார்க்கோவ் எழுதிய உருசிய நூலின் ஆங்கிலப் பெயர்ப்பு 1966-இல் வெளிவந்து, பிற நாட்டாருக்கு அந்த அறிவைக் கொண்டுசேர்த்தது. பெயர் அறியாத ஒரு மொழிபெயர்ப்பாளர் அதன் பின்னே இருந்தார் என்று எண்ணும்போது நமக்குச் சிறிது மகிழ்ச்சி உண்டாகிறது.

முறையின் உட்பொருளை எளிதாகச் சொல்லலாம். மனிதச் செவி கேட்கும் எல்லை நொடிக்குச் சுமார் இருபதாயிரம் அதிர்வுகள். கருவி அந்த எல்லையில் அல்லது அதற்கு மேல் அதிர்கிறது. அசையும் தொலைவோ மிகச் சிறிது: மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் பத்துக் கூறளவு, தலைமயிரின் கனத்தில் ஏழில் ஒரு பங்கு எனலாம். கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் எட்டாது. ஆயினும் ஒவ்வொரு சுற்றிலும் கருவி சிறிது வெட்டி, சீவலை விட்டு விலகி, மீண்டும் வந்து வெட்டுகிறது. விலகும் அந்த நொடித்துளியில் குளிர்நெய் முனைவரை புகுகிறது; ஒட்டத் தொடங்கியது விடுபடுகிறது; தேங்கிய வெப்பம் கலைகிறது. வெட்டும் விசையின் சராசரி குறைகிறது; சீவல் நீளாமல் ஒடிகிறது; விளிம்பில் பிசிறு குறைகிறது. மட்டாஞ்சேரிப் பெரியவர் கூறிய மூச்சு என்பது இதுவே.

விலகல் நிகழ வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. கருவி பின்வாங்கும் வேகம், பொருள் முன்னேறும் வேகத்தைவிட மிகுதியாக இருக்க வேண்டும். அதிர்வெண்ணையும் அசையும் தொலைவையும் பெருக்கி, வட்டக் கணக்கின்படி ஆறேகாலால் ஏறத்தாழப் பெருக்கினால் கருவியின் உச்ச வேகம் கிடைக்கும். மேற்சொன்ன எண்களுக்கு அது நிமிடத்திற்குச் சுமார் 75 மீட்டர். அலுமினியத்தை நிமிடத்திற்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் வெட்டுவார்கள். அங்கே கருவியால் விலக இயலாது, அதிர்வால் பயனும் சிறிதே. டைட்டானியத்தைக் கார்பைடுக் கருவியால் வெட்டும் வழக்கமான வேகமோ நிமிடத்திற்கு அறுபது மீட்டர் அளவே. மெல்ல வெட்டியாக வேண்டிய உலோகத்திற்கே இம்முறை பொருந்துகிறது. ‘வெட்டுதற்கு அரிய’ என்ற அடைமொழி கோப்பில் வீணாக வரவில்லை என்பது இப்போது விளங்குகிறதன்றோ?

இனி மில்லிங்குக்கு வருவோம். லேத்தில் பொருள் சுழலும், உளி நிற்கும். மில்லிங்கில் பற்கள் பொருந்திய வெட்டி சுழலும், பொருள் மேசையோடு முன்னேறும். நம் வீட்டுத் தேங்காய்த் துருவியின் பல் வட்டத்தைச் சுழல வைத்தாற்போல என்று கொள்ளலாம். கலைச்சொல் தொகுப்போர் ‘துருவல்’ என்று பெயரிட்டது பொருத்தமே. லேத்தில் அசையாத உளியை அதிரச் செய்வது எளிது. சுழலும் வெட்டிக்கு மின்சாரத்தை எவ்வாறு செலுத்துவது? உரசும் வளையங்கள் வழியாகவோ, தொடாமலே பாயும் மின்தூண்டல் வழியாகவோ செலுத்தினர். சிலர் வெட்டியை விட்டுவிட்டு, பொருள் அமர்ந்த மேசையை அதிரச் செய்தனர். வெட்டியின் பிடியில் சாய்வான பள்ளங்கள் செதுக்கி, மேலும் கீழுமான அசைவின் ஒரு பகுதியை முறுக்கும் அசைவாக மாற்றும் உத்தியும் வந்தது. 1994-இல் ஷமோட்டோ, மொரிவாக்கி என்னும் ஜப்பானிய அறிஞர்கள், முனையை நேர்க்கோட்டில் அசைப்பதற்குப் பதிலாக முட்டை வடிவப் பாதையில் சுற்றச் செய்தனர். முனை சீவலை மேல்நோக்கி எடுத்துத் தந்துவிட்டே விலகிற்று. எஃகில் பட்டவுடன் விரைவில் தேய்ந்துபோகும் வைரக் கருவியும் இம்முறையில் கடின எஃகைக் கண்ணாடி போல் மழுங்கச் செய்தது.

அதிர்வை எழுப்பும் பொருளிலும் ஒரு வியப்பு உண்டு. இன்று பெரும்பாலான கருவிகளில் கியூரி உடன்பிறந்தார் ஆராய்ந்த இயற்கைப் படிகம் இல்லை. 1950-களில் உருவான ஒருவகைப் பீங்கானே இருக்கிறது. அது ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுக் கூட்டு. சிர்கோனியத்தின் மூலமாகிய சிர்கானும் மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட்டோடு கலந்து கிடப்பதே. வெட்டப்படும் உலோகமும், வெட்டுதற்கு உதவும் பீங்கானின் இரு கூறுகளும் ஒரே கரையின் ஒரு பிடி மணலில் அடங்கியுள்ளன.

இம்முறையின் குறைகளையும் சொல்லிவிடுவது நேர்மை. வேகத்திற்கு எல்லை உண்டு. ஆகவே பெருமளவு உலோகத்தை விரைந்து அகற்றும் முதற்கட்ட வேலைக்கு இது ஏற்றதன்று. நொடிக்கு இருபதாயிரம் மோதல்களைத் தாங்காமல் கார்பைடு முனை சில வேளைகளில் பொடியும். மில்லிங்கில் ஒவ்வொரு பல்லும் இயல்பாகவே வெட்டியும் விட்டும் செல்வதால், லேத்தில் கிடைக்கும் அளவு பயன் எல்லா நிலையிலும் கிடைப்பதில்லை. பிடியும் மின்கருவியும் விலை மிகுந்தவை. எனவே மெல்லிய சுவர்களும் நுண்ணிய பள்ளங்களும் உடைய இறுதி வேலைகளிலேயே இதன் மதிப்பு வெளிப்படுகிறது.

இறுதி வேலை என்பதை நேயர்கள் சிறிதாக எண்ணிவிடலாகாது. விமானத்திற்கான சில டைட்டானிய உறுப்புகளில், வாங்கிய உலோகத்தில் பத்தில் ஒன்பது பங்குவரை சீவலாகப் போவதுண்டு. அச்சீவல் எண்ணெயும் கருவித் துணுக்கும் கலந்து மாசடைந்திருக்கும். அதைத் தூய்மை செய்து மீண்டும் உருக்குவது எளிதன்று. இவ்வளவும் சீவிய பிறகு, கடைசி வெட்டில் சுவர் ஒதுங்கியோ முனை ஒடிந்தோ உறுப்புக் கெட்டால், பத்துப் பங்கும் வீண். அந்தப் பத்துப் பங்கு உலோகமும் ஏதோ ஒரு கரையைத் தோண்டி எடுத்த மணல். மணல் எடுப்பதால் கரை அரிக்கப்படுகிறது, குடியிருப்புகள் அழிகின்றன என்னும் முறையீட்டைச் சவறாவை அடுத்த ஆலப்பாட்டு மக்கள் நெடுங்காலமாக எழுப்பி வந்துள்ளனர். அதிர்வு வெட்டு சீவலின் அளவைக் குறைப்பதில்லை. கடைசி வெட்டில் நேரும் கேட்டைக் குறைக்க வல்லது. கரையோரத்து மக்கள் கொடுக்கும் விலையை நினைத்தால் அதுவும் பெரிதே.

நம் நாட்டின் நிலை என்ன? மணவாளக்குறிச்சியில் மணலின் மதிப்புக் கண்டறியப்பட்ட 1909-க்கும், நம் மணலிலிருந்து நாமே டைட்டானிய உலோகத்தை வாணிப அளவில் செய்யத் தொடங்கிய 2011-க்கும் இடையே நூற்றிரண்டு ஆண்டுகள் கழிந்தன. சவறாவில் கேரள அரசின் கனிம உலோக நிறுவனம், ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக்கூடம் வகுத்த முறையில், விண்வெளித் துறையின் பொருளுதவியோடு, ஆண்டுக்கு 500 டன் பஞ்சுலோகம் செய்யும் ஆலையை அவ்வாண்டு தொடங்கிற்று. பஞ்சுலோகத்தை உருக்கிக் கட்டியாக்கும் கலை ஐதராபாத்தின் மிதானி நிறுவனத்தில் உண்டு. சவறாவுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடையிலுள்ள தும்பாக் கரையிலிருந்துதான் 1963-இல் நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் எழுந்தது. இன்று நம் ராக்கெட்டுகளில் வாயு அடைக்கும் கலங்கள் டைட்டானியக் கலவையால் ஆனவை.

மணல் நம்முடையது, உலோகம் நம்முடையதாகியது. வெட்டும் கலையும் நம்முடையதானாலன்றி வட்டம் முழுமை பெறாது. பெங்களூரின் விமானத் தொழிற்சாலையிலும், ஐதராபாத்தின் உலோக ஆலைகளிலும், மும்பையின் பட்டறைகளிலும் இயந்திரத்தின் முன் நிற்பவர்களில் நம்மவர் பலர் உண்டு. இதைப் படிக்கும் நேயர்களில் சிலரே அவ்வாறு நிற்பவராக இருக்கலாம். மணல் போலவே பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள். கையில் கொண்டுவந்த திறமையை அங்கே பெரிதாக்கியவர்கள். புதிய கருவி வரும்போது தம் பழைய அறிவு செல்லாக் காசாகிவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு எழுவது இயல்பு. அவர்களுக்காகவே மட்டாஞ்சேரிப் பட்டறைச் செய்தியை இங்கே முன்வைத்தோம்.

கொச்சியை விட்டுப் புறப்படுமுன் மீண்டும் ஒருமுறை அப்பெரியவரைக் காணச் சென்றோம். நொடிக்கு இருபதாயிரம் முறை கருவி விலகி வரும் செய்தியைச் சொன்னோம். நம்பாதவர் போல் நம்மைப் பார்த்தார். பிறகு, “சத்தம் எப்படி, சார்?” என்று கேட்டார். காதுக்குக் கேட்காது என்றோம். “அப்போ வேலை நல்லா போகுதா கெட்டுப் போகுதான்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கிடுவாங்க?” என்றார். விசையை அளக்கும் கருவிகள் உண்டு என்றும், சீவலின் நிறத்தையும் வடிவையும் பார்த்தும் அறியலாம் என்றும் கூறினோம். சீவல் என்றதும் அவர் முகம் தெளிந்தது. தரையில் கிடந்த சீவல்களில் இரண்டை எடுத்து நம் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று நீலம் பாரித்து நீண்டு சுருண்டது. மற்றொன்று வெண்மையாய்ச் சிறிதாய் ஒடிந்தது. எது நல்ல வெட்டு என்று நம்மையே சொல்லச் சொன்னார். வெண்மையானதைக் காட்டினோம். தலையசைத்தார்.

விடைபெறும்போது நமது தொழிலுக்கு வேண்டிய கேள்வியையும் கேட்டோம். வேண்டாத ஆட்டத்தைப் பட்டறையில் என்னவென்று சொல்வீர்கள் என்றோம். “நடுக்கம்னு சொல்லுவோம்” என்றார். அலுவலகம் திரும்பியதும் கோப்பைத் திறந்து, கட்டுக்கு அடங்காததை எல்லா இடத்திலும் ‘நடுக்கம்’ என்றும், அளந்து கொடுப்பதை ‘அதிர்வு’ என்றும் எழுதினோம். ஆங்கில மூலத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் இருந்தன. அவ்வேறுபாட்டைத் தமிழில் காப்பாற்றித் தந்தது மட்டாஞ்சேரிப் பட்டறை.